ஆடுகிற பல்லையெல்லாம் எடுத்துவிட்டுப் பல்செட் கட்டலாமா?

கேட்டிருப்பவர் ஒரு மகள். அம்மாவுக்கு வயது 71. 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், கூடவே ரத்த அழுத்தம். மேல்தாடையில் முன்பற்கள் ஐந்து மட்டும் மிச்சம், அவை எல்லாமே ஆடுகின்றன. கீழ்த்தாடையில் எட்டுப் பற்கள். நடுவிலுள்ள நான்கும் நாக்கால் தள்ளினாலே அசைகின்றன, இரு ஓரத்துக் கோரைப்பற்களும் லேசாக ஆடுகின்றன. ஒரு பல் மருத்துவர், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முழு செட் கட்டிவிடலாம் என்கிறார். இன்னொருவர், தாடை எலும்பில் உலோகத் திருகைப் பதித்து அதன்மேல் பல் பொருத்தும் இம்பிளான்ட் வைத்தால்தான் சரிவரும் என்று பெரிய தொகை சொல்கிறார். வீட்டுக்கு வந்த பெரியம்மாவோ, "பல்லைச் சுத்தம் செய்யப் போய்த்தான் எனக்கு எல்லாம் ஆடிக் கொட்டிவிட்டது, அந்தப் பக்கமே போகாதே" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். யார் பேச்சைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

செயற்கைப் பல் பொருத்துவது என் தொழில். இருந்தாலும் வாயைத் திறந்து பார்க்காமல், எக்ஸ்ரே பார்க்காமல், இந்தப் பல்லை வையுங்கள் அந்தப் பல்லை எடுங்கள் என்று நான் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். முடிவெடுக்கும் முன் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதை மட்டும் சொல்கிறேன். அதில் முக்கியமானது முதலிலேயே: மேல்தாடைப் பற்கள் எல்லாம் போனாலும் சமாளித்துவிடலாம். கீழ்த்தாடைப் பற்களை, குறிப்பாக அந்த இரண்டு கோரைப்பற்களை, அவசரப்பட்டு எடுக்க விடாதீர்கள். காரணத்துக்கு வருகிறேன்.

வயதானால் பல் ஆடத்தானே செய்யும் என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். வயது பல்லை ஆட்டுவதில்லை. ஜப்பானில் 1989இல் '8020' என்றொரு இயக்கத்தைத் தொடங்கினார்கள். 80 வயதில் சொந்தப் பல் 20 இருக்க வேண்டும் என்பது இலக்கு. தொடங்கிய காலத்தில் அந்த வயதுக்காரர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட அத்தனை பற்கள் இல்லை. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பாதிப் பேருக்கு மேல் அந்த இலக்கை எட்டியிருந்தார்கள். ஜப்பானியரின் வயது குறைந்துவிடவில்லை, பல்லைப் பராமரிப்பதுதான் கூடியது.

பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. அந்த நாரும் அதைச் சுற்றிய எலும்பும்தான் பல்லைப் பிடித்து நிறுத்துகின்றன. ஈறோரத்தில் தினமும் படியும் வழவழப்பான கிருமிப் படலத்தைத் துலக்கி எடுக்காவிட்டால், எச்சிலில் உள்ள தாது உப்புகள் அதில் இறங்கிக் காரையாக இறுகிவிடும். அதை எதிர்த்து உடல் நடத்தும் சண்டையில் ஈறு வீங்குகிறது, பல்லை விட்டு விலகிப் பை போல ஆகிறது, உள்ளே எலும்பு கரைகிறது. நல்ல ஈறில் அந்தப் பள்ளம் 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். இந்த நோயின் கெட்ட குணம், வலிக்காமல் நடப்பது. சொத்தைப் பல் இரவில் தூங்கவிடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வைக்கும். ஈறு நோய் பல ஆண்டுகள் அரித்துவிட்டு, முறுக்கைக் கடிக்கும்போது பல் அசைந்த பிறகுதான் தன்னைக் காட்டிக்கொள்ளும்.

அம்மாவின் விஷயத்தில் சர்க்கரை ஒரு பங்காளி. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமாக முற்றும்; ஈறில் அழற்சி இருந்தால் சர்க்கரையும் கட்டுக்குள் வர மறுக்கும். ஈறுக்குச் சிகிச்சை செய்தபின் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி அளவு ஓரளவு குறைவதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. எனவே பல் மருத்துவரிடம் போகும்போது கடைசியாக எடுத்த அந்தப் பரிசோதனைச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். ரத்த அழுத்த மாத்திரையின் பெயரையும் பாருங்கள். அம்லோடிபின் என்றிருந்தால் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். சிலருக்கு அது ஈறைத் தடிக்க வைக்கும். வேறு மாத்திரைக்கு மாற்றலாமா என்பதை அதை எழுதிக்கொடுத்த மருத்துவர் முடிவு செய்ய வேண்டும், நாமாக நிறுத்தக்கூடாது. வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் மறைக்காதீர்கள். அதோடு வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடிப்பவர் இருந்தால் ஒன்று சொல்லிவையுங்கள்: புகை ஈறின் ரத்தக் கசிவைக் குறைத்துக் காட்டும். ரத்தம் வரவில்லையே, ஈறு நன்றாகத்தான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டே பல்லை இழந்தவர்கள் நிறையப் பேர்.

இனி பெரியம்மாவின் குற்றச்சாட்டு. சுத்தம் செய்ததால் பல் ஆடியது என்ற புகாரை ஏளனம் செய்ய முடியாது. அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார், காரணத்தை மாற்றிப் பிடித்துக்கொண்டார், அவ்வளவே. எலும்பு கரைந்த இடத்தில் காரை கல்லாக இறுகி, நான்கைந்து பற்களை ஒரே பாளமாக ஒட்ட வைத்திருக்கும். கீழ் முன்பற்களின் உட்புறத்தில் இது அதிகம், ஏனென்றால் நாக்கின் அடியிலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய் அங்கேதான் திறக்கிறது. அந்தப் பாளத்தை எடுத்ததும் மூன்று விஷயங்கள் ஒரே நாளில் நடக்கும். ஒட்டு போனதால் பல்லின் உண்மையான ஆட்டம் தெரியும். காரை அடைத்திருந்த இடம் காலியாகி, பல்லுக்கு நடுவே சந்து தெரியும். மூடியிருந்த வேர் வெளியே வந்து குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். போன இடத்தில் பல்லைக் கெடுத்துவிட்டார்கள் என்று தோன்றுவது இயல்பு. உண்மையில் ஈறு வீக்கம் வடிந்து, சில வாரங்களில் நார்ப்படலம் இறுகி, லேசாக ஆடிய பற்கள் பல சமயம் உறுதியாகின்றன. இதை முன்கூட்டியே நோயாளியிடம் சொல்லிவிடுவது மருத்துவரின் வேலை. சொல்லாமல் விட்டதன் பலன்தான் பெரியம்மாவின் கோபம்.

மேலோட்டமான சுத்தம் அம்மாவுக்குப் போதாது. மரத்துப்போக ஊசி போட்டு ஈறுக்கு அடியில் வேரையே சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். ஆழமான பை இருந்தால் ஈறைத் திறந்து செய்யும் சிறு அறுவைச் சிகிச்சையும் உண்டு. முடித்து ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மீண்டும் அளந்து பார்த்த பிறகே எந்தப் பல் நிற்கும், எது நிற்காது என்று நேர்மையாகச் சொல்ல முடியும். வீங்கிய ஈறோடு இருக்கும் பல்லைப் பார்த்தவுடன் "எல்லாம் எடுத்துவிடலாம்" என்பது அவசரம். நல்லெண்ணெய் கொப்பளிப்பதும் கிராம்புத் தைலம் தடவுவதும் வாய்க்கு இதமாக இருக்கலாம். கரைந்த எலும்பை எதுவும் வளர்த்துத் தராது. பல்லை இறுக்கும் என்று விற்கிற சொரசொரப்பான பல்பொடியை மட்டும் தூர எறியுங்கள். வெளியே வந்திருக்கும் வேர், ஈறுக்கு வெளியே தெரியும் பல்லை மூடியிருக்கும் எனாமல் போலக் கடினமானதல்ல; பொடி அதை அறுத்துப் பள்ளமாக்கிவிடும்.

ஆடும் பல்லை மருத்துவர்கள் மூன்று படியாகப் பிரிப்போம். பக்கவாட்டில் 1 மில்லிமீட்டர் வரை அசைந்தால் முதல் படி, அதற்கு மேல் இரண்டாம் படி. பக்கவாட்டில் ஆடுவதோடு, அழுத்தினால் மேலும் கீழுமாகவும் இறங்கி ஏறினால் மூன்றாம் படி. மூன்றாம் படிப் பல்லுக்காக அழுவதில் பயனில்லை, அதை எடுத்துவிடலாம். முதல் படியில் உள்ளதைக் காப்பாற்ற முயல வேண்டும். இரண்டாம் படியில்தான் வாதம், விவாதம் எல்லாம். அடுத்தடுத்த பற்களின் உட்புறத்தில் மெல்லிய இழையோ கம்பியோ வைத்துப் பல் நிறப் பசையால் சேர்த்துக் கட்டினால் சில ஆண்டுகள் நிற்கும். ஆனால் கட்டுவதற்கு முன் ஈறு நோய் அடங்கியிருக்க வேண்டும், கட்டிய பின் சந்துகளில் சின்ன பிரஷ் விட்டுத் தினமும் துலக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் கட்டினால் அந்தக் கட்டே புதிய காரைக்கு மேடை.

இப்போது கீழ்த்தாடைக்கு வருவோம். பல்செட் எப்படி நிற்கிறது என்று பலரும் யோசிப்பதில்லை. மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடுகிறது. எச்சிலின் மெல்லிய படலம் இடையில் இருக்க, ஓரம் முழுவதும் காற்றுப் புகாமல் அடைபட, உறிஞ்சிப் பிடித்தாற்போல் நின்றுவிடுகிறது. நன்றாகச் செய்த மேல் செட்டை விரல் விட்டு இழுத்தாலும் எளிதில் வராது. கீழே அந்த வசதி இல்லை. நடுவில் நாக்கு இருப்பதால் கீழ் செட் குதிரை லாட வடிவில் ஒரு குறுகிய வளையம்தான். மேலே செட் உட்காரச் சுமார் 23 சதுர சென்டிமீட்டர் இடம் கிடைக்கிறதென்றால், கீழே கிடைப்பது சுமார் 12. அந்தக் குறுகிய இடத்தையும் ஒருபுறம் நாக்கு தள்ளும், மறுபுறம் கன்னமும் உதடும் தள்ளும், வாயைத் திறந்தால் அடியிலுள்ள தசை தூக்கும்.

போதாக்குறைக்கு, பல் போன எலும்பு தேய்ந்துகொண்டே போகும். பல் எடுத்த முதல் ஆண்டில் வேகமாக, பிறகு மெதுவாக, ஆனால் நிற்காமல். அன்ட்யே டால்கிரென் என்ற ஆய்வாளர், முழு செட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் வரை எக்ஸ்ரே மூலம் தொடர்ந்து பார்த்து 1972இல் வெளியிட்ட ஆய்வில், கீழ்த்தாடையின் முன்பகுதி எலும்பு மேல்தாடையைவிட ஏறத்தாழ 4 மடங்கு தேய்ந்திருந்தது. அதனால்தான் "மேல் செட் நன்றாக இருக்கிறது டாக்டர், கீழ் செட் மட்டும் பேசினால் எழும்புகிறது" என்ற வாக்கியத்தை எங்கள் துறையில் தினமும் கேட்கிறோம். கீழ் செட்டைப் பேப்பரில் சுற்றி மேசை டிராயரில் போட்டுவிட்டு, விருந்துக்குப் போகும்போது மட்டும் மாட்டிக்கொள்ளும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கோரைப்பற்களை விடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். வாயிலேயே நீளமான வேர் அந்தப் பல்லுக்குத்தான். மற்ற முன்பற்கள் போனாலும் இது கடைசிவரை நிற்கும். லேசாக ஆடினால்கூட ஒரு வழி இருக்கிறது, மருத்துவர்கள் இப்போது அதிகம் சொல்வதில்லை: அந்த இரண்டு பற்களுக்கும் வேர் சிகிச்சை செய்து, ஈறுக்கு மேல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மட்டும் குமிழ்போல விட்டு வெட்டிவிட வேண்டும். அதன்மேல் கீழ் செட் உட்காரும். பல் குட்டையாகிவிடுவதால் அதன்மேல் விழும் நெம்பு விசை குறைகிறது, ஆட்டமும் குறைகிறது. வேர் உள்ளே இருப்பதால் சுற்றியுள்ள எலும்பும் தேயாமல் நிற்கிறது. 1978இல் வெளியான 5 ஆண்டு ஆய்வில், இப்படி வேர் விட்டவர்களுக்குக் கீழ்த்தாடை முன்பகுதி எலும்பு சராசரியாக 0.6 மில்லிமீட்டர்தான் தேய்ந்தது. எல்லாப் பல்லையும் எடுத்துச் செட் கட்டியவர்களுக்கு 5.2 மில்லிமீட்டர். இத்தனை தெளிவான வித்தியாசம் எங்கள் துறையில் அடிக்கடி கிடைப்பதில்லை. ஒரு நிபந்தனை உண்டு. அந்தக் குமிழைத் தினமும் துலக்கி, மருத்துவர் சொல்லும் புளோரைடு பசையைத் தடவி வர வேண்டும். இல்லையென்றால் செட்டுக்கு அடியிலேயே சொத்தை வந்துவிடும்.

கோரைப்பற்கள் உறுதியாகவே நின்றுவிட்டால் இன்னும் நல்லது. அவற்றையும் மிச்சமிருக்கும் பின்பற்களையும் பிடிமானமாக வைத்துக் கழற்றி மாட்டும் பாதி செட் செய்யலாம். அக்ரிலிக் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்வது விலை குறைவு, ஈறின்மேல் முழு பாரத்தையும் போடும். கோபால்ட்-குரோமியம் உலோகச் சட்டத்தில் வார்ப்பது விலை கூடுதல், பாரத்தைப் பல்லின்மேலும் பகிர்ந்து கொடுக்கும், மெல்லியதாகவும் இருக்கும். என்னைக் கேட்டால், பணத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். வளையும் பிளாஸ்டிக்கில் செய்யும் செட் பார்க்க அழகு. உடைந்தால் ஒட்டவும் அடியில் புதுப்பிக்கவும் கடினம். மேலே முழு செட், கீழே முன்பற்கள் மட்டும் என்ற நிலையில் கீழே பின்பக்கம் வெறுமனே விட்டுவிடக்கூடாது என்பதையும் கவனியுங்கள். முன்னால் மட்டுமே கடித்துக் கடித்து மேல் முன் எலும்பு தேய்ந்து, ஈறு கொழகொழவென்று ஆகிவிடும். பிறகு மேல் செட்டும் நிற்காது.

இம்பிளான்ட் சொன்ன மருத்துவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை. டைட்டானியம் எலும்போடு ஒட்டிக்கொள்ளும் என்பதைச் சுவீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க் கண்டறிந்து, 1965இல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார். அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சோதிக்கப்பட்ட சிகிச்சை அது. கேட்க வேண்டியது எத்தனை என்பதைத்தான். கோரைப்பல் வேர்களைக் காப்பாற்றவே முடியவில்லை என்றால், கீழ்த்தாடை முன்பகுதியில் இரண்டே இரண்டு இம்பிளான்ட் வைத்து, அவற்றில் சட்டைப் பொத்தான் போல டக்கென்று மாட்டிக்கொள்ளும் கீழ் செட் போதும். பல் இல்லாத கீழ்த்தாடைக்கு முதலில் பரிந்துரைக்க வேண்டிய சிகிச்சை இதுவே என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் அறிவித்தார்கள். வாய் முழுவதும் நிரந்தரப் பற்கள் என்று ஆறும் எட்டுமாக அடுக்குவது வசதி உள்ளவர்களின் விருப்பம், கட்டாயமல்ல. 71 வயது தடையே இல்லை. கட்டுக்கடங்காத சர்க்கரையும் புகையிலையும் தடைதான். ஈறு நோயால் பல்லை இழந்தவருக்கு அதே நோய் இம்பிளான்டைச் சுற்றியும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதையும், துலக்கும் பழக்கம் மாறாமல் இம்பிளான்ட் வைத்துப் பயனில்லை என்பதையும் அந்த மருத்துவரே சொல்லியிருக்க வேண்டும்.

பல் எடுப்பதற்கு முன் சில எச்சரிக்கைகள். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்றவை சாப்பிட்டால் நீங்களாக நிறுத்தாதீர்கள். பல் எடுத்த இடத்தின் கசிவைப் பஞ்சு வைத்தும் தையல் போட்டும் நிறுத்திவிடலாம். மாத்திரையை நிறுத்தியதால் வரும் மாரடைப்பை அப்படி நிறுத்த முடியாது. எலும்பு தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் மாத்திரையோ, ஆண்டுக்கொரு முறை சோலெட்ரானிக் அமில ஊசியோ போட்டிருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். அரிதாக, பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும். கழுத்து, முகத்தில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவருக்கும் இதே கவலை உண்டு. இதய வால்வு மாற்றியவர்களுக்கு முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தேவைப்படும். மேல்பல்லை எடுத்தால் கண் பார்வை போகும் என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. வயதானவர்களுக்குப் பல் எடுக்கும் காலமும் கண்புரை வளரும் காலமும் ஒன்றாக அமைவதால் வந்த பழி அது.

ஒரே நாளில், கழற்றவே வேண்டாத பல் என்று குறைந்த விலையில் கட்டித்தரும் இடங்களுக்கு மட்டும் போகாதீர்கள். எங்களிடம் திரும்பி வரும் இந்த வேலைகளில் நான் பார்ப்பது எப்போதும் ஒன்றுதான்: போன பல்லின் இடத்தில் பிளாஸ்டிக் பல்லை வைத்து, பக்கத்துப் பற்களைக் கம்பியால் சுற்றி, அதன்மேல் இளஞ்சிவப்பு அக்ரிலிக்கைக் குழைத்து அப்பியிருப்பார்கள். பிரஷ் நுழையாது. அடியில் உணவு அழுகி, வாடை வீசி, நன்றாக இருந்த பக்கத்துப் பற்களும் ஆடத் தொடங்கியிருக்கும். பணம் குறைவு என்றால் பல் மருத்துவக் கல்லூரிகளின் செயற்கைப் பல் துறைக்குப் போகலாம். சென்னையில் 1953இல் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, தனியார் கல்லூரிகளிலும் குறைந்த கட்டணமே. மாணவர்கள் செய்வார்கள், ஒவ்வொரு கட்டத்திலும் ஆசிரியர் சரிபார்ப்பார். நடைதான் கூடுதல்.

மேல் முன்பற்கள் ஐந்தையும் எடுத்துவிட்டுப் புண் ஆறும்வரை பொக்கை வாயோடு இருக்க அம்மா கூச்சப்படலாம். பல் எடுக்கும் முன்பே அளவெடுத்து, எடுத்த அன்றே மாட்டிவிடும் உடனடி செட் அதற்காகத்தான் இருக்கிறது. எலும்பு தேய்ந்து உருவம் மாறுவதால் சில மாதங்களில் அது தளர்ந்துவிடும். உட்புறத்தில் புதிதாக அக்ரிலிக் போட்டுப் பொருத்தித் தர வேண்டியிருக்கும். அதற்கும் சேர்த்துத்தான் கட்டணமா என்று தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள்.

செட் செய்ய நான்கைந்து முறை போக வேண்டியிருக்கும்: முதல் அளவு, துல்லிய அளவு, மேலும் கீழும் கடிக்கும் நிலையைப் பதிவு செய்வது, மெழுகில் பற்களை அடுக்கி வாயில் வைத்துப் பார்ப்பது, கடைசியாக மாட்டுவது. இதில் மெழுகுச் சோதனை நாளன்று நீங்களும் கூடப் போங்கள். அன்று எதை வேண்டுமானாலும் மாற்றலாம். அக்ரிலிக்கில் வார்த்த பிறகு மாற்றுவது பெரும்பாடு. அம்மா சிரித்தபடி இருக்கும் பழைய புகைப்படம் ஒன்றைக் கொண்டுபோங்கள். முன்பல்லில் லேசான இடைவெளியோ சாய்வோ இருந்திருந்தால் அப்படியே வைக்கச் சொல்லலாம். 71 வயது முகத்தில் சங்குபோல வெளுத்த, ஒரே சீரான பல்வரிசையை வைத்தால் பத்தடி தூரத்திலிருந்தே அது செட் என்று தெரியும். வாங்குபவர்கள் விரும்பிக் கேட்பதும் அதைத்தான் என்பது வேறு விஷயம். கண்ணாடியைக் கையில் கொடுத்துப் பேச விடுங்கள். "வாழைப்பழம், வெற்றிலை, விளக்கு" என்று சொல்லும்போது மேல் முன்பல்லின் நுனி கீழ் உதட்டின் உள்விளிம்பை மெல்லத் தொட வேண்டும். உதட்டில் அழுந்தினால் பல் நீளம். "பஸ், சாமி, இசை" என்று சொல்லும்போது மேலும் கீழும் இடித்துச் சத்தம் வந்தால் கடியின் உயரம் அதிகம். அந்த உயரத்தோடு செட் கட்டினால் சாப்பிடும்போதெல்லாம் டக்டக்கென்று அடிக்கும், மாலைக்குள் தாடை வலிக்கும். மாறாக உயரம் குறைந்தால் கன்னம் ஒட்டி, வாய்க்கோணத்தில் எச்சில் தேங்கிப் புண்ணாகும்.

மாட்டிய முதல் வாரம் யாருக்கும் பிடிக்காது. வாய் நிறைய எதையோ அடைத்தாற்போல் இருக்கும், எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். முழு செட்டின் கடிவிசை சொந்தப் பல்லின் நான்கில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் என்பதை அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். முதலில் இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம். பிறகு தோசை, வெந்த காய். கொஞ்சமாக எடுத்து இரண்டு பக்கமும் பிரித்து வைத்து ஒரே நேரத்தில் மெல்லப் பழக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மென்றால் மறுபக்கம் எழும்பும். முன்பல்லால் கடித்து இழுப்பது செட்டைக் கவிழ்க்கும் வழி. ஆப்பிளையும் கொய்யாவையும் நறுக்கித்தான் சாப்பிட வேண்டும். முருங்கைக்காயைப் பல்லால் சீவி உறிஞ்சுவதை மறக்க வேண்டியதில்லை, சில மாதம் ஒத்திவைத்தால் போதும். பேச்சுக்குத் தினமும் கொஞ்சம் நேரம் செய்தித்தாளை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நாக்கு தன் இடத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளும்.

எங்காவது அழுத்திப் புண்ணானால் வீட்டில் கத்தியாலோ நகவெட்டியாலோ செட்டைச் சுரண்டக் கூடாது. மருத்துவரிடம் போகும் நாளன்று சில மணி நேரம் செட்டை மாட்டிக்கொண்டு போங்கள், அப்போதுதான் அழுத்தும் இடம் சிவந்து தெரியும். ஒட்டுப் பசை பற்றிக் கேட்பீர்கள். பொருத்தமான செட்டுக்குக் கடுகளவு பசை கூடுதல் தைரியம் தரும். நாளுக்கு நாள் பசையின் அளவு கூடினால் செட் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இரவில் கழற்றிவிட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஈறுக்கு ஓய்வு தேவை என்பதோடு, மாட்டியபடியே தூங்கினால் செட்டின் அடியில் காளான் தொற்று வளர்ந்து அண்ணம் சிவந்துவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது எளிதில் வரும். ஜப்பானில் 85 வயதைக் கடந்த 524 பேரைத் தொடர்ந்து பார்த்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வரும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. கழற்றியதும் சோப்பும் மென்மையான பிரஷும் கொண்டு கழுவி, சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள். பற்பசை அக்ரிலிக்கைக் கீறும், வெந்நீர் வளைக்கும், உலர விட்டாலும் உருமாறும். வாஷ்பேசினில் பாதி தண்ணீர் நிரப்பி அதன்மேல் பிடித்துக் கழுவினால் கை வழுக்கினாலும் உடையாது. கீழ் செட் நடுவில் இரண்டாகப் பிளப்பது பெரும்பாலும் கழுவும்போது கைதவறி விழுந்துதான். ஏதாவது அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கப் போகிறார்கள் என்றால் செட் இருப்பதைச் சொல்லிக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும்.

செட் கட்டிய பிறகும் ஆண்டுக்கு ஒரு முறை வாயைக் காட்ட வேண்டும். ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் புதிதாகவோ, அடிப்புறம் மாற்றியோ செய்ய வேண்டியிருக்கும். இடையில் செட் உராய்ந்து புண் வந்து, அந்த இடத்தைத் தேய்த்துச் சரிசெய்த பிறகும் 2 வாரத்துக்கு மேல் ஆறாவிட்டால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதைச் செட் புண் என்று விட்டுவிடாமல் சதை எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். வெற்றிலை, புகையிலைப் பழக்கம் இருந்தவர்களுக்கு இது இன்னும் அவசியம். பல்லே இல்லாத இடத்தில் திடீரென்று பல் போலக் குத்தினாலோ, நன்றாகப் பொருந்திக்கொண்டிருந்த செட் ஒரு பக்கம் மட்டும் பொருந்தாமல் போனாலோ, அதற்கும் ஆண்டுச் சோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம்.